கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு பல்கலைக்கழகம்

தமிழர் சங்க மலருக்கு இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரச் சொன்னார்கள். மிகும். முப்பத்தொரு வருடம் ஒரே கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுதியதையெல்லாம் படித்தவள் நான். எனக்கும் எழுத ஒரு முறை வரட்டும்.

மலர் பொறுப்பாளர் போர்ட் பிளேயர் ஷாதிபூரில் என் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருப்பவர். கேட்டைத் திறக்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"ஸ்டெல்லா அக்கா, வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புற பசங்களுக்கு யூனிவர்சிட்டி பாக்குறதெல்லாம் இப்ப உங்க காலேஜ்ல கம்ப்யூட்டரே பாத்துக்குதாமே? மார்க்கைப் போட்டா மூணு யூனிவர்சிட்டி வந்து விழுதாம். உங்க காலத்துல பாவம், என்ன பண்ணீங்க?"

அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் ஒன்றும் பாவமாக இருக்கவில்லை. ஜெயித்தோம். எங்கள் கல்லூரியில் இன்று தாவரவியல் நடத்தும் டாக்டர் யோகேஸ்வரி, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவரின் மகள். அவளை ஒரு பருவம் வெளிநாட்டுக்கு அனுப்பிய கோப்பு என் மேஜையிலிருந்துதான் போனது. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது என் உத்தியோகம் கற்றுத்தந்த பழக்கம். அது எப்படி வந்தது, ஒரு நாள் அதே பழக்கத்தில் நான் எப்படி வழுக்கி விழப் பார்த்தேன் என்பதுதான் மீதிக் கதை.

என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து படகு இன்ஜின் பழுது பார்க்க இங்கே வந்தவர். நான் தட்டச்சு படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தேன். தபால் பதிவு, கோப்புக்குக் குறிப்பு எழுதுவது, நினைவூட்டுக் கடிதம், நினைவூட்டுக்கும் நினைவூட்டு என்று ஏழெட்டு வருடம் ஓடியது. பிறகு மாணவர் பிரிவு என்னிடம் வந்தது. டி.சி. கொடுப்பது, ஹாஸ்டல் சண்டைக்குப் பஞ்சாயத்து, கப்பல் டிக்கெட் சலுகைக்குச் சான்று. இதுதான் வேலை.

சுனாமிக்குப் பிறகுதான் வெளிநாட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கின. உலகத்தில் பல பேருக்கு அதுவரை நாங்கள் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. கடல் வந்து அடித்த பிறகு தெரிந்தது. உங்கள் மாணவர் ஒருவரை அனுப்புங்கள், ஒரு பருவம் எங்களிடம் படிக்கட்டும் என்று எழுதினார்கள். பட்டியல் கொடுத்து, எந்தப் பல்கலைக்கழகம் என்று நீங்களே சொல்லுங்கள் என்பார்கள். எங்களுக்கு அது புது வேலை.

முதல் ஆள் சுரேஷ், தெலுங்குப் பையன், இயற்பியல். ஜெர்மனியில் மூன்று ஊர்கள் கொடுத்திருந்தார்கள். ஆசிரியர்கள் அடங்கிய கமிட்டியும் நானும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பெரிய துறைமுகம் உள்ள ஊரைத் தேர்ந்தெடுத்தோம். மற்ற இரண்டும் உள்நாட்டில், கடலைவிட்டு எங்கேயோ கிடந்தன. கப்பல் அணையும் ஜெட்டி இல்லாத ஊருக்குப் பிள்ளை எப்படிப் போய்ச் சேருவான் என்பது எங்கள் எல்லோருக்கும் இருந்த கவலை. ஒருவர்கூட விமானம் என்ற ஒன்றை நினைக்கவில்லை. தீவுக்காரனுக்கு ஊர் என்றால் முதலில் கப்பல் வந்து நிற்கும் இடம், பிறகுதான் மற்றதெல்லாம். நான் அந்தத் துறைமுகத்துக்குப் பயணிகள் கப்பல் என்றைக்கெல்லாம் வரும் என்று கேட்டு ஒரு கடிதமே தட்டச்சு செய்து அனுப்பினேன். பதில் வரவில்லை. வந்திருந்தால் மானம் போயிருக்கும்.

சுரேஷ் கடலைவிட்டுத் தள்ளியிருந்த விமான நிலையம் ஒன்றில் இறங்கி, தகரப் பெட்டியோடு ஒரு பகல் முழுக்க ரயிலில் போய், பனியில் அந்த ஊர் சேர்ந்தான். இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு கடிதம் போட்டான். "அக்கா, இங்கே துறைமுகம் மிகவும் நன்றாக இருக்கிறது. என் பாடத்துக்குத்தான் பேராசிரியர் இல்லை. அவர் இந்த வருடம் விடுமுறையாம்."

அந்தக் கடிதமும் கோப்பும் அந்தப் பல்கலைக்கழகம் அனுப்பிய விவரப் புத்தகமும் மேஜையில் இருந்த வாரம்தான் புது முதல்வர் பொறுப்பேற்றார். பிஸ்வாஸ் சார். வங்காளிக் குடியேறிகளின் மகன், வடக்கு அந்தமானில் பிறந்து வளர்ந்தவர். பேச்சு எப்போதும் இந்திதான். இங்கே தமிழில் தருகிறேன், இரண்டொரு சொல் தவிர. அவர் உட்கார்ந்து கோப்பு படித்து நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டு, காதில் ஒரு பென்சிலைச் செருகி, மேஜை டிராயரிலிருந்து பொரியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் படிப்பார். குரல் உயராது. உயராத குரலுக்குத்தான் நாங்கள் பயந்தோம்.

"ஸ்டெல்லா, இந்த ஜெர்மனிப் புத்தகத்தில் எந்தப் பக்கம் படித்தீர்கள்?"

"முதல் பக்கத்திலேர்ந்து பதினஞ்சு இருபது பக்கம் சார்."

அவர் புத்தகத்தைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். "உல்ட்டா படோ. ஆக்கிரி பன்னா பெஹலே." தலைகீழாகப் படி, கடைசிப் பக்கம் முதலில் என்று அர்த்தம். "முன்பக்கம் நம்மைக் கூப்பிட எழுதுவது. பின்பக்கம் நாம் போன பிறகு சண்டை வராமலிருக்க எழுதுவது. உண்மை எங்கே இருக்கும்?"

கடைசிக்கு முந்திய பக்கத்தில் அது இருந்தது. இந்த ஆண்டு விடுப்பில் உள்ள ஆசிரியர்கள் என்று ஒரு பட்டியல், எறும்பு எழுத்தில். சுரேஷின் பேராசிரியர் மூன்றாவது பெயர்.

அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் எந்தப் பல்கலைக்கழகப் புத்தகம் வந்தாலும் குப்புறத்தான் படுத்திருக்கும். நான் பின்னாலிருந்து பென்சிலோடு வருவேன். அவர்கள் எதைத் தரமாட்டோம் என்கிறார்களோ அதற்குக் கீழே கோடு. பருவம் என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடிகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் கதவைத் தட்டுவார்கள், திரும்பி வந்தால் நம் தேர்வு எழுத முடியுமா, இதெல்லாம் பார்த்த பிறகுதான் நூலகத்தின் படத்தைப் பார்ப்பேன். இன்டர்நெட் அப்போது சாட்டிலைட் வழியாக வந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் அதுவும் வராது. ஒரு புத்தகத்தை இறக்குவதற்குள் மத்தியானம் போய்விடும். அவ்வளவு பாடுபட்டு இறக்கியதைப் பாதி படித்துவிட்டு வைப்பேனா?

இப்படி நான்கைந்து பேரைப் பழுதில்லாமல் அனுப்பினோம். ஆபீசில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் யோகேஸ்வரி வந்தாள்.

சுனாமி நடந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவள் எம்.எஸ்சி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். அவள் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். அந்த டிசம்பர் காலையில் அவளுடைய அம்மாவும் தம்பியும் கடற்கரைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். திரும்பவில்லை. அப்பா ராமையாவும் இவளும் மேட்டில் இருந்ததால் பிழைத்தார்கள். பிறகு தகரக் கொட்டகையில் பல வருடம்.

தாழ்வான நிலத்தில் ஏறிய கடல், சில இடங்களில் திரும்பிப் போகவே இல்லை. போன இடங்களிலும் உப்பு போகவில்லை. அம்மா மரவள்ளி போட்டிருந்த இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லை என்று ஒருநாள் யோகேஸ்வரி என்னிடம் சொன்னாள். "அந்த மண்ணுல மறுபடி ஏதாச்சும் மொளைக்க வைக்கணும் மேடம். அதுக்குத்தான் நான் இந்தப் பாடமே எடுத்தேன்." வேறு எதையும் அவள் என்னிடம் அவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

அந்த வருடம் வந்த வாய்ப்பு மற்றவை போல இல்லை. சுனாமி பாதித்த கரையோரக் கல்லூரிகளுக்கு ஒரே ஒரு இடம். செலவு முழுக்க அவர்களுடையது. மூன்று பல்கலைக்கழகங்களின் பெயர் கொடுத்து, ஒன்றை மட்டும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். எழுதிய இடம் கிடைக்காவிட்டால் வாய்ப்பு வேறு கல்லூரிக்குப் போய்விடும். மாற்றிக் கேட்க முடியாது. மாணவி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்பதில்தான் ரகளை.

பட்டியலில் ஒன்று லண்டன், ஒன்று ஆஸ்திரேலியா, மற்றொன்று நெதர்லாந்தில் யாரும் கேள்விப்படாத ஒரு சின்ன ஊர். தாவரவியல் துறைத் தலைவி வல்சலா மேடம் கமிட்டி கூடுவதற்கு முன்பே லண்டன் என்று முடிவு கட்டிவிட்டார். மலையாளி, நல்ல ஆசிரியை, யோகேஸ்வரிமேல் உயிர். "கச்சால் பெண் லண்டனுக்குப் போனாள் என்று பேப்பரில் வரட்டும். நெதர்லாந்து என்றால் யார் படிப்பார்கள்?" என்றார்.

கமிட்டியில் எனக்கு ஓட்டுக் கிடையாது. கோப்பை எடுத்து வைப்பதும், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவதும்தான் என் வேலை. எல்லோரும் லண்டன் என்று தலையாட்டி முடித்தார்கள். பிஸ்வாஸ் சார் ஜன்னலோரம் நின்று பொரி மென்றுகொண்டிருந்தார்.

"ஸ்டெல்லா, ஆக்கிரி பன்னா?"

நான் படித்தேன். ஆஸ்திரேலியாவில் பருவம் முடியும் முன்பே நம் தேர்வு நடந்து முடிந்துவிடும். அவளுக்கு ஒரு வருடம் வீண். லண்டன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பரிமாற்ற மாணவர்கள் வகுப்பில் உட்காரலாம், ஆய்வுக்கூடத்தில் இடம் கிடையாது என்று இருந்தது. நெதர்லாந்துக்காரர்கள் பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் விட்டுவிடுகிறார்கள். கடைசிப் பகுதியில் அவர்களுடைய சோதனை வயலைப் பற்றி எழுதியிருந்தார்கள். கடல் தண்ணீரை வேண்டுமென்றே நிலத்துக்குள் விட்டு, அந்த உப்பு மண்ணில் எது முளைக்கிறது என்று பார்க்கிறார்களாம். பரிமாற்ற மாணவர் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு பாத்தி.

வல்சலா மேடம் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"யாரு லண்டன்னு சொன்னது?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. வெளியே பெஞ்சில் காத்திருந்த யோகேஸ்வரியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். சாம்பல் நிற மண், தேங்கிய தண்ணீர், ஓரத்தில் வெள்ளையாக உப்பு. அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"மேடம், இது எங்க வீட்டுக்குப் பின்னாடி மாதிரியே இருக்கு" என்றாள்.

ஓட்டில்லாத நான் ஜெயித்த நாள் அது. வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. மறுநாள் யோகேஸ்வரி வந்து என் மேஜை ஓரத்தில் நின்றாள்.

"மேடம், அப்பா ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டிருக்காரு. கடல் இல்லாத ஊரா இருந்தா அனுப்புறேன்னு."

ராமையா கடலைப் பார்ப்பதில்லை. போர்ட் பிளேயர் வரவேண்டுமென்றால் கப்பலில் கீழ்த்தளத்தில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வாராம், கரை வந்து யாராவது எழுப்பும்வரை. லண்டன் என்று பேச்சு அடிபட்டபோது, அங்கே ஆறுதான் இருக்கிறது என்று யாரோ சொல்லி அவரும் சம்மதித்திருந்தார். இப்போது நாங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் ஊர் கடல் பக்கத்தில் இருப்பதுகூட இல்லை. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

"சொல்ல வேணாம் மேடம்" என்றாள் மெதுவாக. "ஃபார்ம் இங்கிலீஷ்ல இருக்கு. அவருக்குத் தமிழ்தான் படிக்க வரும். கையெழுத்துப் போட்டுடுவாரு."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு அது தப்பாகவே படவில்லை. நெதர்லாந்து எங்கே இருக்கிறது என்று கச்சாலில் யாருக்குத் தெரியப்போகிறது? பிள்ளை நல்லபடியாகப் போய்வந்தால் போதாதா? குறிப்பு எழுதி, பிஸ்வாஸ் சாரின் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "அந்த ஊரில் கடல் இருப்பது அப்பாவுக்குத் தெரியுமா?"

நான் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.

"ஸ்டெல்லா, நாம் ஒரு புத்தகத்தைப் பின்னாலிருந்து படிக்கிறோம், ஏன்? யாரோ நம்மிடம் எதையோ சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்று. இப்போது நாமே ஒருவரிடம் சொல்லாமல் விடலாமா?" குரல் உயரவில்லை. "முழுப் புத்தகத்தையும் அவருக்குத் தமிழில் கொடுங்கள். படித்துவிட்டு மாட்டேன் என்றால் வேண்டாம். போகாவிட்டால் போகட்டும்."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, அந்தப் புத்தகத்தைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். அட்டையிலிருந்து ஆரம்பித்தேன். கடைசிப் பக்கம்தான் எனக்குத் தெரியுமே என்ற நினைப்பு. வகுப்பு, விடுதி, சாப்பாடு, சைக்கிள் நிறுத்துமிடம், எல்லாவற்றையும் எழுதினேன். சைக்கிளுக்கு மட்டும் இரண்டு பக்கம் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில், மாலையில் கொஞ்சம் என்று எழுதி எழுதிச் சோதனை வயல் வரை வந்தேன்.

அதற்குப் பின்னால் இன்னும் ஒரு தாள் இருந்தது. 'பாதுகாப்பு' என்று தலைப்பு. எல்லாப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இருக்கும், தீ பிடித்தால் மாடிப்படியில் இறங்கு என்று. அதனால் நான் அதைப் படிக்காமலே விட்டிருந்தேன். கடைசிப் பக்கம், கடைசிப் பக்கம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான், இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை. எழுத வேண்டியிருந்ததால் இப்போது படித்தேன். படித்து முடித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். பிறகு என் கையெழுத்திலேயே மிக நல்ல கையெழுத்தில் அதை எழுதினேன்.

ராமையாவை நேரில் வரச் சொல்லியிருந்தோம். கச்சால் கப்பல் அந்த வாரம் கடல் சரியில்லை என்று இரண்டு முறை தள்ளிப்போனது. கடைசித் தேதிக்கு முந்தின நாள் காலையில்தான் வந்தது. ராமையா ஜெட்டியிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்தார். ஒல்லியான ஆள், சலவை வேட்டி, கையில் துணிப்பை. எங்கள் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கடல் தெரியும். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"வாங்கண்ணே. பிரயாணம் எப்படி இருந்துச்சு?"

"கண்ண மூடிக்கிட்டேங்கம்மா. வந்துட்டேன்." பையை மடியில் வைத்துக்கொண்டார். "புள்ள போற ஊர்ல கடலு எம்புட்டு தூரங்க?"

யோகேஸ்வரி தரையைப் பார்த்தாள். பிஸ்வாஸ் சார் தன் அறை வாசலில் வந்து நின்றார். அவருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் கேட்டால் புரியும்.

"தூரமே இல்லண்ணே" என்றேன். "ஒங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். அந்த ஊரு கடலுக்குக் கீழ இருக்கு. கரை கட்டித் தண்ணிய நிறுத்தி வச்சிருக்காவ."

அவர் எழுந்துவிட்டார். கோபப்படவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வேணாங்கம்மா. ஒண்ணு மிச்சம் இருக்கு எனக்கு. அதையும் அங்க கொண்டுபோயா நிறுத்தச் சொல்றீங்க?"

யோகேஸ்வரி சத்தம் வராமல் அழுதாள். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவள் பேசமாட்டாளா என்றிருந்தது.

"போங்கண்ணே, ஒங்கள யாரும் பிடிச்சு வைக்க மாட்டோம்" என்றேன். "ஆனா இம்புட்டு தூரம் வந்துட்டிய. இந்த நோட்டுல கடைசிப் பக்கம் ஒண்ணே ஒண்ண வாசிச்சிட்டுப் போங்க. நான் கையால எழுதுனது. எனக்காக."

நோட்டைத் திருப்பிக் கடைசித் தாளை அவர் முன் வைத்தேன். நின்றபடியே குனிந்தார். விரலை வரியில் வைத்து, உதடசையப் படித்தார். ஆபத்து வந்தால் ஊர் முழுக்கக் கேட்கும்படி சங்கு ஊதும். சங்கு ஊதினால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், அடுத்து என்ன செய்வது என்று வானொலி சொல்லும். மேட்டுக்குப் போகச் சொன்னால் எந்த வழி, யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று விடுதி வாரியாக எழுதியிருக்கிறது. சங்கு வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஊதிப் பார்ப்பார்கள், அப்போது யாரும் பயப்பட வேண்டாம்.

விரல் அந்தக் கடைசி வரியில் நின்றது. மறுபடி அதே வரியின் ஆரம்பத்துக்குப் போனது.

"மாசா மாசமா?"

"மாசா மாசம்ண்ணே."

"ஒண்ணும் வராதப்பவுமா?"

"ஒண்ணும் வராதப்பவும்."

அவர் உட்கார்ந்தார். பை தோளிலேயே இருந்தது.

"அன்னைக்கு எங்களுக்கு ஒரு ஆளு கத்தியிருந்தாப் போதும்மா. ஒரே ஒரு ஆளு. மேடு என்ன தூரமா? அவ ஓட மாட்டாளா, புள்ளயத் தூக்கிக்கிட்டு?"

பிஸ்வாஸ் சார் காதில் இருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் பேனாவைக் கொண்டுவந்து ராமையாவிடம் நீட்டினார்.

"எங்க போடணும்?" என்றார் ராமையா.

தமிழில் முழுப் பெயரையும் எழுதினார், ஒவ்வோர் எழுத்தாக. அன்று மத்தியானம் இன்டர்நெட் மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஐந்து வாரத்தில் பதில் வந்தது. இடம் உண்டு, பாத்தி எண் பதினொன்று. வல்சலா மேடம் அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார். லண்டன்காரியாக இருந்தவர் இப்போது நெதர்லாந்துக்கே பிறந்தவர் போலப் பேசினார். பிஸ்வாஸ் சார் டிராயரைத் திறந்து ஆபீஸ் முழுக்கப் பொரி கொடுத்தார். அவர் யாருக்கும் பொரி கொடுத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சுனாமியில் போன பிறப்புச் சான்றுக்கு நகல் வாங்கி, பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு மெயின்லேண்ட் போய்வந்து என்று அலைந்ததையெல்லாம் எழுதினால் மலர் தாங்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸ்வெட்டர் எங்கும் கிடைக்கவில்லை. இந்தத் தீவில் அதை யார் விற்பார்கள்? கடைசியில் ஹாஸ்டலில் இருந்த தீவுகளின் தென்கோடிக் கேம்பல் பேயைச் சேர்ந்த பஞ்சாபிப் பெண் ஒருத்தி தன் வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மா பஞ்சாபிலிருந்து குடியேறியபோது கொண்டுவந்து, இங்கே ஒரு நாளும் போடாமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த கம்பளிச் சட்டைகளைக் கப்பலில் அனுப்பிவைத்தார். பூச்சி உருண்டை வாசனையோடு அவை வந்து இறங்கின.

ஜனவரிக் கடைசியில் யோகேஸ்வரி சென்னை விமானத்தில் ஏறினாள். ராமையா வழியனுப்ப வந்திருந்தார். அழவில்லை. ஸ்வெட்டரைக் கைப்பையிலேயே வைத்துக்கொள் என்று மட்டும் நான்கு தடவை சொன்னார். மூன்றாம் நாள் கச்சாலுக்குக் கப்பல் இருந்தது. டிக்கெட்டும் வாங்கி வைத்திருந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை மத்தியானம், அவர் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னண்ணே, கப்பல்ல போகலியா?"

"விட்டுட்டேங்கம்மா."

கப்பலை விட்டுவிட்டேன் என்று ஒரு தீவுக்காரர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாத நாட்கள் அவை.

"இன்னைக்கு மொதத் திங்கக்கெழமைங்களே" என்றார்.

அங்கே பகல் பன்னிரண்டு என்றால் நமக்கு மாலை நாலரை. நான் யோகேஸ்வரிக்குத் தகவல் அனுப்பினேன். நாலே காலுக்கு என் மொபைல் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தேன். அவள் வெளியே நின்றுகொண்டிருந்தாள். காற்றுச் சத்தமும், அவள் பல் நடுங்குவதும் கேட்டன. தபால் பிரிவு, கணக்குப் பிரிவு என்று எல்லோரும் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். வல்சலா மேடம் வகுப்பை விட்டுவிட்டு வந்தார். பிஸ்வாஸ் சார் வாழ்க்கையில் முதல் தடவையாக என் எதிரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பா, போனக் காதுல வச்சுக்காதீங்க. சத்தம் பெருசா இருக்குமாம்" என்றாள்.

அவர் கேட்கவில்லை. போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார்.

நாலரைக்கு ஊதியது. அவ்வளவு தொலைவிலிருந்து, அந்தச் சின்னப் போனுக்குள்ளிருந்து, அறை முழுக்கக் கேட்டது. நீளமாக, ஒரே சீராக ஊதிக்கொண்டிருந்தது. ராமையா கண்ணை மூடவில்லை. சங்கு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அப்பா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு புள்ள. நல்லா சத்தமாத்தான் ஊதுறான். நீ உள்ள போ, குளிருது."

போனை என்னிடம் கொடுத்தார். துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார்.

"கச்சாலுக்கு அடுத்த கப்பல் எப்பங்கம்மா?" என்றார்.